காவல்காரனையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டாய்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி ஓடவிட்ட டெஸ்ட் ஆறு மணி நேரம் சுற்றிவிட்டுக் காலையில் சிவப்பாகக் கிடக்கிறது, டெஸ்டை ஓட்டும் ஜெஸ்ட் டூலின் டைம்அவுட்டை, அதாவது ஒரு டெஸ்டுக்கு அது தரும் கெடுவை, 5 நொடியிலிருந்து 60 நொடிக்கு ஏற்றியும் அப்படியேதான் தொங்குகிறது, "நெட்வொர்க்கா இருக்கும்பா, ரீரன் பண்ணிப் பார்க்கிறேன்" என்றாய். சாப்பிட்டாயா என்று கேளுங்கள் என்று அம்மா பக்கத்தில் நின்று இடித்துக்கொண்டே இருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் நீ அனுப்பிய அந்த இருபது வரி கோடை உட்கார்ந்து படித்தேன். நெட்வொர்க் இல்லை.

முதலில் அந்த ஆறு மணி நேரம். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (உன் டெஸ்டைத் தானாக ஓட்டும் சேவை) நாமாக எதுவும் சொல்லாவிட்டால் ஒரு ஜாபுக்கு, அதாவது ஒரு முழு ஓட்டத்துக்கு, 360 நிமிடம் கெடு. உன் டெஸ்டை நிறுத்தியது அதுதான், நீ போட்ட 60 நொடி இல்லை. 60 நொடி மணி ஏன் அடிக்கவே இல்லை என்று யோசித்தாயா?

உன் லூப் சர்வரிடம் நிலை கேட்கிறது, 'டன்' வந்தால் வெளியே போகிறது, வராவிட்டால் 3 நொடி தூங்கி மறுபடி கேட்கிறது, 2 நிமிடம் தாண்டினால் எரர். நல்ல லூப்தான். ஆனால் டெஸ்டில் என்ன செய்திருக்கிறாய்? சர்வரின் பதிலையும் தூக்கத்தையும் மாக் செய்து, அதாவது பொய்யாக நடிக்கவிட்டு, உடனே திரும்பி வர வைத்திருக்கிறாய், ஃபேக் டைமர் போட்டுக் கடிகாரத்தையும் நிறுத்திவிட்டாய். கடிகாரம் நகராத ஊரில் அந்த 2 நிமிடம் எப்போது தாண்டும்? தூக்கத்தைப் பொய்யாக்கினால் அந்தப் பொய்த் தூக்கம் கடிகாரத்தையும் 3 நொடி தள்ளிவிட வேண்டும், அதை விட்டுவிட்டாய்.

லூப்பில் அவெய்ட் (பதில் வரும்வரை காத்திரு என்ற சொல்) இருக்கிறதே, ஒவ்வொரு சுற்றிலும் மற்ற வேலைகளுக்கு விட்டுக்கொடுக்கிறதே என்று நீ நினைத்திருக்கலாம். ஏற்கனவே முடிந்துபோன ப்ராமிஸை (பின்னால் வரும் பதிலுக்கான சீட்டு) அவெய்ட் செய்தால் மீதி வேலை மைக்ரோடாஸ்க் என்ற அவசர வரிசைக்குப் போகிறது, உன் கோடை ஓட்டும் நோட் அந்த வரிசையை முழுக்கக் காலி செய்த பிறகுதான் டைமர் பக்கம் திரும்பிப் பார்க்கும், உன் லூப்போ ஒவ்வொரு சுற்றிலும் இன்னொன்றை அதே வரிசையில் சேர்க்கிறது. ஜெஸ்ட்டின் டைம்அவுட்டும் அங்கே காத்துக்கிடக்கும் ஒரு டைமர்தான். 60 என்ன, 6000 போட்டாலும் அதன் முறை வராது. ஜாவாக்காரர்களுக்கும் இதே கூத்து உண்டு, அவர்களுடைய டெஸ்ட் டூலான ஜேயூனிட் 5-இல் அசர்ட்டைம்அவுட் என்று ஒன்று, வேலை முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு நேரமாகிவிட்டது என்று சொல்லும். முடியவே முடியாத லூப்பிடம் அது என்னத்தைச் சொல்ல?

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. நான் பம்ப் கன்ட்ரோலருக்கு ஃபர்ம்வேர் எழுதிய காலத்தில், போர்டில் வாட்ச்டாக் என்ற காவல் டைமர் இருந்தது, குறிப்பிட்ட நேரத்துக்குள் யாரும் சோறு போடாவிட்டால், அதாவது உயிரோடு இருக்கிறேன் என்று சிக்னல் கொடுக்காவிட்டால், அந்த நாய் போர்டையே ரீசெட் செய்துவிடும். நான் வசதியாக இருக்கட்டும் என்று சோறு போடும் வேலையை, மெயின் லூப் நின்றாலும் தானாக ஓடும் டைமர் இன்டரப்டில் வைத்துவிட்டேன். ஒருநாள் மெயின் லூப், கரன்ட் ரீடிங் ரெடி என்று சொல்லும் பிட்டுக்காக நின்றது நின்றதுதான். மெயின் லூப் செத்துக் கிடக்க, நாய்க்கு மட்டும் வேளாவேளைக்குச் சோறு. ரிலே ஆனிலேயே இருந்தது, போர்வெல்லில் தண்ணீர் தீர்ந்த பிறகும் மோட்டார் விடிய விடிய ஓடிக் காயில் கருகிவிட்டது. ரீவைண்டிங் செலவை விட, அந்த விவசாயி என்னை ஒரு வார்த்தை கேட்காமல் போர்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கே சோறு போடும் வரியை மெயின் லூப்பின் கடைசிக்கு மாற்றினேன்.

அதனால் காவலை வெளியே வை. ஒர்க்ஃப்ளோ ஃபைலில் அந்த ஜாபுக்கு 15 நிமிடம் போடு. டெஸ்டை லினக்ஸின் டைம்அவுட் கமாண்டுக்குள் ஓட்டு, 10 நிமிடம் கொடு, 'கே' ஆப்ஷனில் இன்னொரு 30 நொடி. முதலில் சிக்டெர்ம் (நின்றுவிடு என்ற சிக்னல்) அனுப்பிப் பார்க்கும், மசியாவிட்டால் 30 நொடி கழித்து சிக்கில் (மறுக்க முடியாத கொலை சிக்னல்). உங்கள் கோடில் யாராவது சிக்டெர்மைப் பிடித்துப் பதில் செய்யும் ஹேண்ட்லர் எழுதியிருந்தால் அதுவும் அந்த லூப்புக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்கும், அதனால் 'கே' கட்டாயம். முடியும்போது வரும் எக்ஸிட் கோடு 124 என்றால் நேரம் தீர்ந்து நின்றது, 137 என்றால் சிக்கில் வரை போயிருக்கிறது.

சும்மா கொன்றால் மட்டும் போதாது, எங்கே மாட்டியது என்று தெரிய வேண்டும். கோ என்ற ப்ரோக்ராமிங் மொழி இதில் கெட்டி, 10 நிமிடம் ஆனதும் டெஸ்ட் தானே பேனிக் ஆகி (எரரோடு நின்று), ஒவ்வொரு கோரூட்டினும் (அதற்குள் கூடவே ஓடும் வேலை) எந்த வரியில் நிற்கிறது என்று கொட்டிவிடும். உனக்கு அந்த வசதி இல்லை, ஒவ்வொரு டெஸ்டும் தொடங்கும் முன்பே அதன் பெயரை நேராக லாகில் எழுத வை.

லூப்புக்குள்ளும் ஒரு எண்ணிக்கை வை. 3 நொடிக்கு ஒருமுறை, 2 நிமிடம், ஆக 40 முறை. கடிகாரம் நின்றாலும் எண்ணிக்கை நிற்காது. 40 தாண்டினால் கடைசியாக வந்த நிலையையும் சேர்த்து எரர் போடு.

அந்தக் கடைசி நிலை என்ன தெரியுமா? உன் மாக் திருப்பிக் கொடுப்பது 'ஃபெயில்டு'. உன் லூப்புக்கு 'டன்' மட்டும்தான் தெரியும். நிஜ சர்வர் 'ஃபெயில்டு' சொன்னாலும் உங்கள் கோடு 2 நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுத்தான் ஓயும். ரீரன் பண்ணலாம் என்றாயே, உன் டெஸ்ட் கோடில் இருக்கும் நிஜமான தப்பைத்தான் பிடித்துவைத்திருக்கிறது!

மைக்ரோசாஃப்ட்டின் சூன் மியூசிக் பிளேயர் கதையும் இதுதான். 2008 டிசம்பர் 31 அன்று 30 ஜிபி மாடல்கள் எல்லாம் உறைந்து நின்றன. எந்த வருடம் என்று கண்டுபிடிக்க, நாள் எண்ணிக்கை 365-க்கு மேல் இருக்கும்வரை சுற்றி ஒரு வருட நாட்களைக் கழி, லீப் வருடமாக இருந்தால் 366-க்கு மேல் இருந்தால்தான் கழி என்று லூப். 2008 லீப் வருடம், அன்றைக்குச் சரியாக 366. உள்ளே போகும், கழிக்காது, வெளியே வராது. மறுநாள் 367 ஆனதும்தான் விமோசனம். யாராவது அந்தத் தேதிக்கு ஒரு டெஸ்ட் எழுதியிருந்தால் அது ஃபெயில் ஆகியிருக்காது, தொங்கியிருக்கும், யாரோ ரீரன் அழுத்தியிருப்பார்கள்.

இதையெல்லாம் முன்கூட்டியே கண்டுபிடிக்க டூல் இல்லையா என்று கேட்பாய். எந்தப் ப்ரோக்ராமை எடுத்தாலும் நிற்குமா நிற்காதா என்று சொல்லிவிடும் ஒரு பொது வழி கிடையாது என்று 1936-லேயே கணித மேதை ஆலன் ட்யூரிங் நிரூபித்துவிட்டார். கையில் கடிகாரத்தோடு வெளியே உட்கார வேண்டியதுதான்.

15 நிமிடம் போட்டாயா என்று மட்டும் இன்று ராத்திரிக்குள் செய்தி அனுப்பு. சாப்பிட்டாயா என்று அம்மா மறுபடியும் கேட்கச் சொல்கிறாள், அதற்கும் சேர்த்துப் பதில் போடு.

அப்பா