போடி ரயில் பாதை வரலாற்றுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி மடல்

மதுரை–போடிநாயக்கனூர் கிளைப்பாதையின் வரலாற்றைச் சேர்த்தெடுக்க உதவிய எல்லோருக்கும் வணக்கம்.

1928-இல், தென்னிந்திய ரயில்வே கம்பெனி காலத்தில், போடிக்கு ரயில் வந்தது. மலையில் விளையும் ஏலக்காய் இறங்கி வந்து விலைபோகும் ஊர் அது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். 1950களில் திரும்பப் போட்டார்கள். 2010 டிசம்பர் முடிவோடு மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ஓட்டம் நின்றது. 2023 ஜூன் 15-ஆம் தேதி அகலப்பாதையில் மறுபடி போடிக்குப் பயணிகள் வண்டி வந்து சேர்ந்தது. இதெல்லாம் தேடினால் யாருக்கும் கிடைக்கிற செய்திதான். தொண்ணூறு கிலோமீட்டர் நெடுக, இந்த மதகு எந்தக் காலத்தது, இந்தத் தண்டவாளத் துண்டு எப்போது வந்தது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மூன்று முறை போட்ட பாதை. ஒவ்வொரு காலத்து மிச்சமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்கும் கண்ணைக் கொடுத்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, பாதையைப் பராமரித்து ஓய்வுபெற்ற கேங்மேன், கீமேன், மேஸ்திரிகளுக்கு. தண்டவாளத்தின் இடுப்பில், அதாவது தலைக்கும் அடிப்பாதத்துக்கும் நடுவில், புடைப்பாக இருக்கும் எழுத்தைப் படிக்கச் சொல்லித் தந்தவர்கள் அவர்கள். கம்பிப் பிரஷ்ஷால் துருவை உதிர்த்து, சாக்குக்கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் உருக்காலையின் பெயரும் எடையும் மாதமும் ஆண்டும் வெள்ளையாக எழுந்து வரும். வெயில் உச்சியில் இருக்கும்போது படம் எடுத்தால் ஒன்றும் தெரியாது. சாயங்கால வெளிச்சத்தில், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து எடுக்க வேண்டும். மாதம் ரோமன் எண்ணில் இருந்தால் கவனம்: ஒரு கோடு தேய்ந்தால் XI, X ஆகிவிடும்.

அதைவிடப் பெரிய எச்சரிக்கையும் அவர்கள் கொடுத்ததுதான். தண்டவாளத்தில் இருப்பது அது உருக்காலையில் உருட்டிச் செய்யப்பட்ட ஆண்டு, இந்தப் பாதைக்கு வந்த ஆண்டு அல்ல. பெரிய பாதையில் தேய்ந்த தண்டவாளம் கிளைப்பாதைக்கு வருவது ரயில்வேயின் நெடுநாள் வழக்கம். ஆகவே 1928-க்கு முந்தைய ஆண்டு பொறித்த துண்டு ஒன்று கிடைத்தால், அது போருக்கு முந்தைய பாதையின் மிச்சம் என்று துள்ளக் கூடாது. 1950களில் வேறெங்கிருந்தோ வந்திருக்கலாம். எடையையும் ராத்தல் (பவுண்டு) கணக்கில்தான் பேசுவார்கள். '50 ராத்தல் ரயில்' என்றால் ஒரு கஜத்துக்கு 50 ராத்தல், மீட்டருக்கு ஏறக்குறைய 24.8 கிலோ. வெட்டிய துண்டைத் தராசில் வைத்தால் இதைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் தலை தேய்ந்திருக்கும். அடிப்பாதத்தின் அகலத்தை அளந்து பார்ப்பது நம்பகமானது.

மீட்டர் கேஜ் எப்படிக் காப்பாற்றப்பட்டது என்பதும் அவர்கள் வாய்மொழியாகவே பதிவாகியிருக்கிறது. 12 மீட்டர் தண்டவாளம் 40 டிகிரி சூடேறினால் ஐந்தரை மில்லிமீட்டர் நீளும். அந்த நீளத்துக்கு இடம்விட்டுத்தான் இணைப்பு போடுவார்கள். கோடைக்கு முன்பே, இரண்டு தண்டவாளங்களைச் சேர்க்கும் இரும்புப் பட்டையான ஃபிஷ்பிளேட்டைக் கழற்றி, துரு சுரண்டி, போல்ட் துளையில் கீறல் இருக்கிறதா என்று பார்த்து, கிராஃபைட் பசை தடவித் திரும்ப மாட்டுவார்கள். அதை ஒரு பருவம் விட்டுவிட்டால் இணைப்பு இறுகிப்போகும். நீள வழியில்லாத தண்டவாளம் மத்தியான வெயிலில் பக்கவாட்டில் நெளிந்துவிடும். எந்தக் கோப்பிலும் இந்த உழைப்புக்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை. வரலாற்றின் பாதி இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் நில அளவர்களுக்கும். தண்டவாளம் போனாலும் நிலம் கணக்கில் நிற்கும். கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் ரயில்வே என்று எழுதியிருக்கும் புல எண்களை வரிசையாகக் கோத்தால், இன்று வயலும் முள்ளுமாகக் கிடக்கும் பழைய தடம்கூடக் கிடைத்துவிடும். பழைய புலப்படத்தில் அளவுகள் லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் சேர்ந்தது ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. 150 லிங்க்ஸ் என்பது 99 அடி. அதை 150 அடி என்று படித்தால் ரயில்வே எல்லை பக்கத்துப் புஞ்சைக்குள் போய்விடும். இந்தப் பிழையை வரைபடம் அச்சுக்குப் போகும் முன்பே பிடித்துக் கொடுத்த அளவருக்குத் தனி நன்றி.

ஆண்டிபட்டிக் கணவாய்ப் பகுதியில் பாதைக்காக வெட்டிய பாறையைப் படிக்க உதவியவர்கள் கல் உடைக்கும் தொழிலாளர்கள். கையால் அடித்த தமர்க்குழி (பாறையில் வெடிமருந்து வைக்கப் போடும் துளை) குட்டையாக, கொஞ்சம் கோணலாக இருக்கும். இயந்திரம் போட்டது நேராக, ஒரே இடைவெளியில், நீளமாக இறங்கியிருக்கும். அகலப்படுத்தும்போது பழைய முகம் உடைபட்டுவிடும் என்பதால், கைத்தமரைத் தேடுகிறவர்கள் வெட்டின் அடியை விட்டுவிட்டு மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும்.

ஊழியர்களுக்கான வொர்க்கிங் டைம் டேபிள், அட்டை டிக்கெட், குடும்பப் படங்கள் என்று வீட்டுப் பெட்டியைத் திறந்து காட்டியவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? டைம் டேபிளில் ஒட்டியிருக்கும் திருத்தத் துண்டுகளைப் பிய்க்காமல், தூக்கிப் பிடித்து மேலும் கீழுமாக இரண்டு படம் எடுத்ததால்தான் மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான நேரங்கள் இரண்டும் தப்பின. படங்களின் முதுகையும் சேர்த்தே ஸ்கேன் செய்தது வீண்போகவில்லை. முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்துப் பென்சில் எழுத்து பல இடத்தில் உதவியது. எஸ்.ஐ.ஆர். (தென்னிந்திய ரயில்வே) என்று பொறித்த விளக்கும் மணியும் பற்றி ஒரு சொல்: தெற்கு ரயில்வே 1951 ஏப்ரல் 14-இல் உருவானது என்பதால் பொருள் அதற்கு முன் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். அது எவ்வளவு காலம் புழங்கியது என்பதற்கு அந்த எழுத்து சாட்சி ஆகாது.

தேதிகளைச் சரிபார்த்தவர்களையும் மறக்க முடியாது. 'திறப்பு' என்று ஒரே சொல்லை எல்லோரும் எழுதுகிறார்கள். சோதனை ஓட்டம், பாதுகாப்பு ஆணையர் ஆய்வு, விழா, முதல் பயணிகள் வண்டி எல்லாம் வேறு வேறு நாள். இதே பாதையிலுள்ள தேனிக்கு அகலப்பாதை வந்ததையே பாருங்கள்: பிரதமர் சென்னையிலிருந்து தொடங்கிவைத்தது 2022 மே 26, பயணிகள் வண்டி ஓடத் தொடங்கியது மறுநாள். நேற்று நடந்ததற்கே இரண்டு தேதி என்றால் 1928-க்குக் கேட்கவா வேண்டும். ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் 'எதன் தேதி' என்று குறிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். அப்படியே குறித்திருக்கிறோம்.

இன்னும் ஒரு வேண்டுகோள் உண்டு. பாதையோர ஊர்களில் பழைய தண்டவாளம் வேலிக்காலாகவும் உத்தரமாகவும் நிற்கிறது. பெயின்ட் அடிக்கும் முன் அதன் இடுப்பில் ஒருமுறை சாக்குக்கட்டியைத் தேய்த்துப் பாருங்கள். எழுத்து எழுந்தால், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, முழு வரியும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து, துண்டு நிற்கும் ஊரையும் அது எந்த இடத்திலிருந்து வந்தது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் அன்றைக்கே எழுதி வையுங்கள்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்