மாடி வேண்டாம், அக்கா

சோனாப்பூர், துபாய்
ஆடி மாதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் இங்கே நல்ல சுகம். நீயும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆரியங்காவு ஐயன் துணை.

இதைப் போனில் பேச முடியவில்லை. நீ பேசும்போது பக்கத்தில் அம்மா இருக்கிறாள். நான் பேசும்போது அறையில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அதனால் பேப்பரில் எழுதி, லீவில் வரும் கேரளத்துத் தென்மலைக்காரர் கையில் கொடுத்து விடுகிறேன். நாம் கட்டப்போகிற வீட்டுக்குப் புது பிளான் ஒன்றும் என் கையால் வரைந்து கூட வைத்திருக்கிறேன். ஆவணி 6 வாஸ்து நாளுக்கு முன்னால் இது உனக்குக் கிடைத்துவிடும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிவிட்டால் அப்புறம் எதையும் மாற்ற முடியாது.

விஷயம் இதுதான். மாடி வேண்டாம். மாடிக்குப் போகிற காசில் ஒரு சின்ன பங்கை எடுத்து, கீழேயே கிழக்கு ஓரத்தில் உனக்கு ஒரு அறை கட்ட வேண்டும். பாத்ரூம் உள்ளேயே இருக்கும். தெருவைப் பார்த்துத் தனி வாசல் இருக்கும். தைக்கத் துணி கொண்டுவருகிறவர்கள் யாரும் ஹாலுக்குள் வந்து நிற்க வேண்டியதில்லை. தையல் மெஷினை ஜன்னல் வெளிச்சத்தில் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் அவளிடமும் பேசிவிட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் "அக்காவுக்கு அலமாரி எந்தச் சுவரில்?" என்று கேட்டாள். பிளானில் அலமாரி போட்டிருப்பது அவள் சொன்ன இடத்தில்தான்.

இங்கே வெயில் எப்படி என்று போன மாதம் கேட்டிருந்தாய். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்த வெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. அந்த நேரத்தில் நிழலில் படுத்தாலும் தூக்கம் வராது. குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், மாடித் தொட்டியே கொதித்துக் கிடக்கும். அதனால் குளிக்கிற தண்ணீரை முந்தின இரவே வாளியில் பிடித்து ஏ.சி. அறைக்குள் வைத்துக்கொள்வோம். அறையில் எனக்குக் கீழ்க் கட்டில்காரர்தான் இந்தத் தென்மலைக்காரர். பதிமூணு கண் பாலத்துக்குப் பக்கம் அவர் வீடு. மலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் புளியரையில் நான். அவர் மலையாளத்தில் பேச, நான் தமிழில் பதில் சொல்ல, மற்றவர்கள் எங்களை ஒரே ஊர்க்காரர்கள் என்றே நினைக்கிறார்கள். தாத்தா காலத்தில் அப்படித்தானே இருந்தது? 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேருகிற வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. தாத்தா வாங்கின பத்திரத்தில் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டுதான் போட்டிருக்கும், நீ பார்த்திருப்பாய். "எங்க பக்கம் மழை அடிச்சு ஊத்துது" என்று அவர் வீட்டிலிருந்து சொன்னார்கள் என்றால், கொஞ்ச நேரத்தில் புளியரையில் காற்று குளிர்ந்திருக்கும் என்று நான் இங்கே இருந்தபடியே சொல்லிவிடுவேன்.

வெயில் காலத்தில் கான்கிரீட் எல்லாம் ராத்திரியில்தான். கலவையில் தண்ணீரோடு ஐஸ் சேர்த்துக் கொண்டுவருவார்கள். லாரி வந்து நின்றதும் கலவைக்குள் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்போம். எங்கள் சைட்டில் 32 டிகிரிக்கு மேல் காட்டினால் லாரியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். காங்கிரீட் இறுகின பிறகு ஈரச்சாக்குப் போட்டு மூடி, அதன் மேல் பாலிதீன் விரித்து, காயவிடாமல் காவல் இருப்போம். அந்தத் தண்ணீரும் கடல் தண்ணீரை உப்பு நீக்கி எடுத்த தண்ணீர். சுற்றிலும் மணலாகக் கிடக்கிறதே என்று பார்த்தால் அதையும் அள்ளிப் போட முடியாது. காற்றில் உருண்டு உருண்டு மழுங்கின மணல் அது, பிடிப்பு இருக்காது. ராஸ் அல் கைமா, புஜைரா மலைப் பக்கம் கல்லை உடைத்துத்தான் இங்கே கட்டடம் எழும்புகிறது. நம்ம புளியரை செக்போஸ்ட் வழியாக கல்லை உடைத்து எடுத்த எம்.சாண்ட் மணலும் ஜல்லியும் கேரளத்துக்குப் போகிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாலைவனத்திலும் மணலுக்கு மலையைத்தான் உடைக்க வேண்டும் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது.

எங்கள் வேலை செண்ட்ரிங். முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, தளம் போட்டு, பிரித்து, அடுத்த வீட்டுக்குப் போவோம். வேலை முடிந்து சாவியை ஒப்படைக்கிற அன்றோடு கேட் பாஸை வாங்கிக்கொள்வார்கள். நான் முட்டுக் கொடுத்த எந்த வீட்டிலும் அடுப்பு எரிந்து நான் பார்த்தது கிடையாது. இது பல நாள் மனதில் கிடந்தது, அக்கா. தென்மலைக்காரரிடம் சொன்னேன். அவர் தங்கள் பக்கத்துக் கதையைச் சொன்னார். 2011 கணக்கெடுப்பிலேயே கேரளத்தில் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளில்லாமல் கிடந்தனவாம். வெளிநாட்டுக் காசில் மாடி மாடியாகக் கட்டி, கீழே வயதானவர்கள் இரண்டு பேர், இல்லாவிட்டால் பூட்டு. அவர் வீட்டு மாடியிலும் தேங்காய்தான் காய்கிறது.

நம் மாடிக் கணக்கைப் பார். மேலே 700 சதுர அடி. அதற்குத்தான் லோன். தவணை 10 வருஷம். அதாவது இன்னும் 10 வருஷம் நான் இந்தக் கட்டிலில். தவணை முடிகிறபோது மூத்தவன் காலேஜ் முடித்திருப்பான், சின்னவளுக்கு வரன் பார்க்கிற பேச்சு வந்திருக்கும். கீழே மட்டும் கட்டினால் கையிருப்பும் சீட்டுப் பணமும் மாதாமாதம் நான் அனுப்புவதுமே போதும். லோனே வேண்டாம். அம்மா நடமாட்டத்தோடு இருக்கும்போதே நான் திரும்பி வந்துவிடலாம். தென்காசியிலும் செங்கோட்டையிலும் செண்ட்ரிங் வேலை தெரிந்தவனுக்கு வேலை இல்லாமல் போகாது.

இன்னொன்றும் இருக்கிறது. அப்பா எதுவும் எழுதி வைக்காமல் போனார். சட்டப்படி அம்மாவுக்கும் உனக்கும் எனக்கும் சம பங்கு. லோனுக்கு ஒரே பெயரில் பத்திரம் வேண்டும் என்று சொன்னதும், நீ ஒரு வார்த்தை பேசாமல் சார்பதிவாளர் ஆபீசுக்கு வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாய். அத்தான் போய், மகளைக் கூட்டிக்கொண்டு நீ நம்ம வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம் அது. வெளியே வந்ததும் "வெயிலா இருக்கு, சர்பத் குடிக்கியாடா?" என்று கேட்டாய். இந்த ஐந்தரை சென்ட்டில் எழும்புகிற வீட்டில் நீ ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு இருப்பதை நான் பார்க்க மாட்டேன். லோன் இல்லை என்றால் ஒரே பெயருக்கு அவசியமும் இல்லை. லீவில் வந்ததும் உன் பங்கை உன் பெயருக்கே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். வேண்டாம் என்று நீ சொல்வாய். சொல்லாதே. நாளைக்கு உன் மகள் யாரையும் கேட்காமல் வந்து இறங்க ஒரு வாசல் வேண்டும்.

இனி வேலையைப் பற்றி. முதலில் பிளான். நம் மனை 2500 சதுர அடிக்குள்தான் வரும். 2024 ஜூலையிலிருந்து அந்த அளவு மனையில் 3500 சதுர அடிக்குள் கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. இன்ஜினியரிடம் என் பிளானைக் கொடுத்து முறையாக வரைந்து, அனுமதி வந்த பிறகே மனையில் கயிறு பிடிக்கச் சொல்.

நம் மனை ஒரு காலத்தில் வயல். மேலே களிமண், மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். நாலு அடி போதும், ஐந்து அடி போதும் என்று கொத்தனார் கணக்குச் சொன்னால் கேட்காதே. களி முழுக்கப் போய்க் கெட்டி மண் வர வேண்டும். வந்ததா என்று இன்ஜினியர் குழியில் இறங்கிப் பார்த்துச் சொல்லட்டும். தோண்டின களியைத் திரும்ப பேஸ்மெண்டுக்குள் தள்ளப் பார்ப்பார்கள், அதை விடக் கூடாது. கிராவல் அடித்து, அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். பேஸ்மெண்ட் உயரம் ரோட்டிலிருந்து மூன்று அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் ரோடு ஏறுகிறது, வீடு ஏறாது. அதோடு வேலையை நிறுத்திவிடு. ஐப்பசி, கார்த்திகை மழை முழுக்க அதன் மேல் பெய்யட்டும். மண் தானாக அமரும். தை பிறந்து சுவர் எழுப்பலாம். அதற்குள் நானும் பணம் சேர்த்துவிடுவேன். சிமெண்ட்டை முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டாம். நம்ம சாரல் ஈரத்தில் கட்டிப்போகும். வேலைக்கு வேண்டியதை மட்டும் வாங்கி, சுவரை ஒட்டாமல் பலகை மேல் அடுக்கி வை.

காங்கிரீட் போடுகிற அன்று நீ பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். ஒரு மூட்டை சிமெண்ட்டுக்கு 25 லிட்டர், கூடிப்போனால் இன்னும் ஒன்றிரண்டு லிட்டர். மணல் நனைந்திருந்தால் அதையும் குறைக்க வேண்டும். "இளக்கமா இருந்தாத்தான்மா ஓடும்" என்று ஹோஸைத் திறந்து விடுவார்கள். ஓடும், ஆனால் காய்ந்த பிறகு பலம் இருக்காது. வாளியில் கோடு போட்டு அளந்து ஊற்றச் சொல். கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி வைக்கிற சின்னக் கட்டை, கவர் பிளாக், கம்பிக்கு அடியில் இருக்கிறதா என்று பார். கம்பி பலகையில் உட்கார்ந்துவிட்டால் சில வருஷத்தில் துருப்பிடித்து, தளம் அடியில் பொரிந்து விழும். நம்ம ஊர் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரமே வரும். தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்து. சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் என்றால் பத்து நாளாவது காயவிடக் கூடாது. தூணுக்குச் சாக்கைச் சுற்றிக் காலையும் மாலையும் நனை. தளத்துக்குக் கொடுத்த முட்டுகளை இரண்டு வாரத்துக்குத் தொட விடாதே. அடுத்த வேலைக்குப் பலகை வேண்டும் என்று அவசரப்படுவார்கள். பலகைக்காரன் நானும்தான், அந்த அவசரம் எனக்குத் தெரியும். அதற்கு ஒருநாளும் இடம் கொடுக்காதே.

மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல் வேண்டாம். கணவாய் வழியாக வருகிற காற்று சாரலைப் படுக்கை வாட்டத்தில்தான் அடிக்கும், சாதா சன்ஷேடு தாங்காது. மேற்கே முழு நீளத்துக்கும் ஓடு போட்டுச் சாய்ப்பு இறக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய வீட்டைப் பிரிக்கும்போது ஓட்டையும் உத்தரத்தையும் உடையாமல் இறக்கி வைக்கச் சொல். அப்பா மாற்றின ஓடு இன்னும் ஒழுகவில்லை. அம்மா உட்காரத் திண்ணையும் அங்கேதான்.

கொத்தனார் எதற்கெடுத்தாலும் "துபாய்க்கு போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்க" என்கிறாராம், வீட்டில் அவள் சொன்னாள். இனி எனக்குப் போன் வேண்டாம். நீ சொன்னதுதான் முடிவு என்று நானே அவரிடம் பேசிவிட்டேன். மூலைமட்டமும் தூக்குக் குண்டும் பார்க்க நீ அப்பாவிடம் கற்றவள். சதுர அடிக்கு மொத்தமாகப் பேச வேண்டாம். சாமான் நம்முடையது, கூலி மட்டும் அவருடையது. வேலை முடிந்த அளவுக்குச் சனிக்கிழமை சம்பளம், நோட்டில் கையெழுத்து. முன்பணம் நிறையக் கேட்டால் கொடுக்காதே, கோபப்படவும் செய்யாதே. நல்ல வேலைக்காரர் அவர்.

அம்மாவிடம் நான் பேசுகிறேன். மாடி வீடு என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், அவளுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அவள் ஆசையில் ஒரு தப்பும் இல்லை. ஓட்டு வீட்டில் ஒழுகுகிற இடமெல்லாம் ஏனம் வைத்து நம்மை வளர்த்தவள், அப்பா ஓடு மாற்றுகிற வரைக்கும். ஆனால் என்னையும் மாடியையும் முன்னால் வைத்து எது வேண்டும் என்று கேட்டால் அவள் எதைச் சொல்வாள் என்று நம் இருவருக்கும் தெரியும்.

வானம் தோண்டினதும் நாலு மூலைக் குழியும் போட்டோ எடுத்து அனுப்பு. அடி மண்ணின் நிறம் தெரிகிற மாதிரி எடு. அந்த நேரம் நான் மதிய ஓய்வில் இருப்பேன், உடனே பார்ப்பேன்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு: தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஏறப் படிக்கட்டு வேண்டாம், வெளிப்புறம் இரும்பு ஏணி போதும் என்று வரைந்திருக்கிறேன். உன் அறை வாசலை மறைக்காமல் வடக்குச் சுவரில் அதை வைக்கச் சொல்.