ஆடிப்பட்ட விதைப்பு: ஞாயிறு காலை தோட்டத்துக்கு வாங்க

அனைவருக்கும் வணக்கம். வாய்க்காலில் காவிரித் தண்ணீர் வந்தாச்சு. ஜூலை 19, ஞாயிறு காலை 6.30 மணிக்கு நம் நகர்ப் பொதுத் தோட்டத்தில் விதைப்பு. வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

1. வெண்டை, அவரை, புடலை, பாகல் விதை மிச்சமிருந்தால் கொண்டு வாங்க. புடலை, பாகல் விதைக்குத் தோல் தடிப்பு. முதல் நாள் இரவே ஊறப் போடணும்.

2. மண்வெட்டி, களைக்கொத்து இருப்பவர்கள் எடுத்து வரவும்.

3. மாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கவனிக்க: நம்ம வயல் களிமண்ணை அப்படியே நிரப்பாதீங்க. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நனைந்தால் தண்ணீர் வடியாமல் வேர் அழுகும். மண், மணல், மட்கிய தொழுவுரம் சம அளவு கலந்து நிரப்புங்க. அடியில் துளை அவசியம்.

4. வருபவர்கள் சனி மாலைக்குள் இங்கே பெயர் போடுங்க. டீ, சுண்டலுக்குச் சொல்லணும்.