ஆணையர் அவர்களே, அந்த எக்ஸ்ரே அறைக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஸ்கேன் சென்டரின் எக்ஸ்ரே அறையிலிருந்து கதிர் வெளியே வராதபடி பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் குறைதீர் நாளில் நான் கொடுத்த மனு நினைவிருக்கும். கதிர்வீச்சு உங்கள் வரம்பில் வராதாம், மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை அணுக வேண்டுமாம், ஒரே வரியில் பதில். எக்ஸ்ரே கருவிக்கு உரிமம் தருவது வாரியம்தான், அரசு மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் தலை நரைத்த எனக்கு அது தெரியாதா? ஆனால் அந்தக் கட்டடத்துக்கு அனுமதி கொடுத்ததும் வருடா வருடம் தொழில் உரிமம் புதுப்பிப்பதும் மும்பைக்காரர்களா?

போன மாதம் என் மனைவிக்கு மணிக்கட்டில் அடிபட்டு அங்கே போனோம். கதவை இழுத்துச் சாத்தினாலும் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி. கதிரைத் தடுக்க ஈயத்தகடு வைத்து அடித்திருக்க வேண்டிய கதவு, தட்டினால் வெறும் பிளைவுட் சத்தம். படம் எடுக்கும்போது எரிய வேண்டிய சிவப்பு விளக்கு மேலே இருக்கிறது, அதில் ஒட்டடை. அந்தக் கதவை ஒட்டியே மேசை போட்டு டோக்கன் கொடுக்கிற பெண் உட்கார்ந்திருக்கிறார், ஏழு மாதக் கர்ப்பிணி. "நாலு வருஷமா இங்கதான் சார் உட்கார்றேன், ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். ஒரு படம் எடுக்கும்போது சிதறி வருவது ரொம்பக் கொஞ்சம், பயப்படாதம்மா என்றேன். ஆனால் பொதுமக்களுக்கு வருடத்துக்கு 1 மில்லிசீவர்ட்தான் (உடலில் ஏறும் கதிரை அளக்கும் அலகு) வரம்பு, நாள் முழுக்கக் கதவோரம் இருப்பவருக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று எதை வைத்துச் சொல்ல? எனக்காவது சட்டையில் கதிர் அளவைப் பதியும் பேட்ஜ் இருந்தது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பிக் கணக்குப் பார்த்தார்கள். டோக்கன் கொடுப்பவருக்கு யார் பேட்ஜ் தருவது?

நான் கேட்பது ஒன்றுதான். தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும் முன் வாரியத்தின் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், ஆள் அனுப்பிக் கதவையும் விளக்கையும் பாருங்கள். கதிரையெல்லாம் நீங்கள் அளக்க வேண்டாம். எதிர் டீக்கடைக்கு பிளாஸ்டிக் கப் தேடி மாதம் இரண்டு முறை வருகிறார்களே, அவர்கள் ரோட்டைத் தாண்டினால் போதும்.

2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்தது தெரிந்திருக்கும். பல்கலைக்கழகத்தில் சும்மா கிடந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் உள்ள கருவியைப் பழைய சாமானோடு ஏலம் விட்டார்கள், காயலான் கடையில் அதைப் பிரித்துப் போட்டார்கள், ஒருவர் செத்தே போனார். எக்ஸ்ரே கருவி அப்படியல்ல, சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும். இருந்தாலும் நம்மூர் காயலான் கடைகளில் என்னென்ன வந்து விழுகிறது என்று யாராவது எட்டிப் பார்த்ததுண்டா? சொத்து வரி பாக்கி என்றால் மட்டும் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்ட ஆள் கிடைத்துவிடுகிறது.

மன்னிக்கவும், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். திரும்பவும் பணிவோடு கேட்கிறேன், உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், கதவைப் பாருங்கள். அதுவரைக்கும் அந்தப் பெண்ணின் மேசையையாவது வாசல் பக்கம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். நானும் சொல்லிப் பார்த்தேன், அங்கே ஃபேன் இல்லை என்கிறார் உரிமையாளர்.