நட்சத்திர மீனை வெட்டச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு வெளியீட்டில் திருகோணமலைக் கரையோரத்து நிலாவெளி, புறாத்தீவு பற்றி வந்த சுற்றுலாக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி: முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறையை, தின்னும் முள்முடி நட்சத்திர மீனைக் கண்டால் அங்கேயே வெட்டிப் போடுங்கள், கடலுக்கு நீங்கள் செய்யும் உதவி அது. யார் எழுதினார்கள், யார் பார்த்து அச்சுக்கு விட்டார்கள் என்று தெரியாது, ஆனால் வாசித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பக்கத்தில் போட்ட படமும் ஐந்து கையுள்ள, முள்ளே இல்லாத வேறொரு நட்சத்திர மீன். முள்முடிக்குப் பத்துக்கு மேல் கைகள், சிலவற்றுக்கு இருபதும் தாண்டும், மேலெல்லாம் நச்சு முள். உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியோடு இறங்குகிறவர் எதை வெட்டுவார்?

என் தாய்மாமா நிலாவெளியில் கடல் தொழில் செய்கிறவர், சுழியோடியும்கூட. வலையில் ஏறிய ஒரு முள்முடியை எடுத்து வீசப்போய் விரலில் முள் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது. அன்றிரவு மணிக்கட்டு வரை வீங்கிய கையைச் சுடுதண்ணீரில் வைத்தபடி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். கடலிலேயே வளர்ந்த மனுசருக்கே இந்தப் பாடு என்றால், கொழும்பிலிருந்து பஸ் பிடித்துப் போய் நீச்சல் கண்ணாடியை வாடகைக்கு எடுத்து இறங்கும் பிள்ளைகளின் கதி என்ன? வெட்டினால் செத்துவிடும் என்பதும் நிச்சயமில்லை, நடு உடம்பு ஒட்டியிருக்கிற துண்டு திரும்ப வளரக்கூடும். அதனால்தான் அவுஸ்திரேலியாவில் பித்த உப்பை ஊசியால் ஏற்றுகிறார்கள், ஒரு ஊசியே போதும். சமையலுக்கு எடுக்கும் வினாகிரியை ஏற்றினாலும் சாகிறது என்று அங்குள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதுவும் பழகிய சுழியோடிகள் அனுமதியோடு செய்கிற வேலை. புறாத்தீவு 2003இலிருந்து தேசிய பூங்கா, அங்கே நினைத்தவரெல்லாம் ஓர் உயிரைப் பிடிக்கவோ கொல்லவோ முடியாது என்பது நான் சொல்லி நீங்கள் அறிய வேண்டிய விஷயமல்ல.

முள்முடியால் ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. இரைப்பையை வாய் வழியே வெளியே தள்ளி, முருகை மேல் விரித்து, கரைத்துத்தான் அது தின்னும். அது நகர்ந்துபோன இடத்தில் வெள்ளை வெளேரென்று எலும்பு மட்டும் நிற்கும், கொஞ்ச நாளில் அதன்மேல் பாசி படர்ந்துவிடும். மாமா கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். அவுஸ்திரேலியாவின் பெரிய முருகைத் தொடரில் 1985 முதல் 2012 வரை உயிர் முருகை பாதியாகக் குறைந்தது, அந்த இழப்பில் 42 சதவீதம் இந்த ஒரு பிராணியால் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு சுற்றுலாக் கட்டுரையின் வால் பகுதியில் ஒற்றை வரியில் முடித்துவிடுவதா?

இது முதல் தடவையும் இல்லை. வீட்டு அலங்காரப் பக்கத்தில் வரவேற்பறைக்கு அழகு என்று பெரிய ட்ரைட்டன் சங்கைப் படத்தோடு போட்டீர்கள். வளர்ந்த முள்முடியைத் துரத்திப் பிடித்துத் தின்கிற வெகு சில பிராணிகளில் அந்தச் சங்குக்குள் இருப்பதும் ஒன்று. அதைப் பிடித்து அலுமாரியில் வைத்துவிட்டு, நட்சத்திர மீன் பெருகிவிட்டது என்று இன்னொரு பக்கத்தில் கவலைப்படுகிறோம். அப்போதும் எழுதினேன், பதில் இல்லை. கலியாணச் சிறப்பிதழின் அட்டையில் மணமக்கள் வற்றுக்கடலில் முருகைக்கல் மேலேயே ஏறி நின்றார்கள், அதற்கும் எழுதினேன். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் நம் கண்ணெதிரே எரிந்து பிளாஸ்டிக் மணிகள் கரையெல்லாம் ஒதுங்கியபோது முன்பக்கம் முழுக்கக் கடல்தான். அப்புறம் மறுபடியும் கடல் என்றால் விடுமுறை, ஹோட்டல், இறால் கறி என்றாகிவிட்டது. இத்தனை வருடம் காலையில் முதலில் கையில் எடுக்கிற பத்திரிகை என்பதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் நான்கு வரி: முள்முடியைக் கண்டால் தொடாதீர்கள், வெட்டாதீர்கள், கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு தீவிலுள்ள வனஜீவராசிகள் அலுவலரிடம் சொல்லுங்கள். கூடவே சரியான படம். இடம் போதாவிட்டால் இந்தக் கடிதத்தை முழுதாக விட்டுவிட்டு அந்த நான்கு வரியை மட்டும் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி, வெள்ளவத்தை, கொழும்பு 06