கப்பையும் மரச்சீனியும்

எட்மண்டன்
பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? இங்கே இன்னும் பனி விட்டபாடில்லை.

போன தடவை போனில், "எல்லாம்தான் கூகுளில் கிடைக்குதே, அப்புறம் நூலகருக்கு என்னம்மா வேலை?" என்று கேட்டீர்கள். அவசரத்தில் சரியாகச் சொல்லவில்லை.

நான் எடுக்கும் வகுப்புகள் முழுக்க ஆன்லைன்தான். பிள்ளைகள் படிப்புக்கு வேண்டிய கட்டுரைகளை எப்படித் தேடுகிறார்கள், எங்கே திணறுகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. போன வாரம் நர்சிங் படிக்கும் ஒரு பெண் தன் திரையைக் காட்டினாள். 'வயதானவர்கள் கீழே விழாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது' என்று முழு வாக்கியத்தையும் அடித்திருந்தாள். உருப்படியாக எதுவும் வரவில்லை. திரும்பவும் அதையே அடித்தாள்.

நான் மரச்சீனிக் கிழங்கின் கதையைச் சொன்னேன். செங்கோட்டையில் மரச்சீனி, புளியரை தாண்டிக் கேரளாவுக்குள் போனால் கப்பை, சேலத்துப் பக்கம் மரவள்ளி. 1956 வரை நம் ஊர் அந்தப் பக்கம் இருந்ததால் ஆச்சி வாயில் இரண்டு பெயரும் வரும். கிழங்கு ஒன்றுதான்; ஆனால் கடைக்காரருக்குத் தெரிந்த பெயரில் கேட்டால்தான் எடுத்துத் தருவார். அதே மாதிரி, கீழே விழுவதற்கு மருத்துவக் கட்டுரைகளில் பெயர் 'ஆக்சிடென்டல் ஃபால்ஸ்'. அதை அடித்ததும் கட்டுரைகள் வரிசையாக வந்தன. அவள் மூச்சு விட்டது என் ஹெட்போனில் கேட்டது.

மார்சியா பேட்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1989-ல் எழுதினார்: தேடுவது காட்டில் பழம் பறிப்பது மாதிரி, ஒரே இடத்தில் குலையாகக் கிடைக்காது, செடி செடியாகப் போய்ப் பொறுக்க வேண்டும், போகப் போக நாம் தேடுவதே மாறும் என்று. படித்ததும் மலையடிவாரத்தில் உங்களோடு களாக்காய் பறித்ததுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று, அப்பா. தேடலின் நடுவில்தான் குழப்பமும் பயமும் கூடும் என்று கரோல் குல்தாவ் என்ற இன்னொரு அமெரிக்கப் பேராசிரியர் மாணவர்களைக் கவனித்துச் சொன்னார். பிள்ளைகளோ தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று வெட்கப்பட்டு, கேமராவை அணைத்துவிடுகிறார்கள். எப்படித் தேடுவது என்ற வீடியோ பாடத்தை நாங்கள் முதல் வாரமே கொடுத்துவிடுகிறோம். அப்போது யாருக்கும் கேள்வியே இருக்காது. கட்டுரை எழுத உட்காரும் ஐந்தாம் வாரத்துக்கு அதை மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். விடமாட்டேன்.

களா காய்த்ததும் செடியோடு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். வகுப்பில் காட்ட வேண்டும்.

உங்கள் மகள்