கடைக்கு வந்த நிருபர் ஸ்டூல் எங்கன்னு கேட்டிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க தீபாவளி மலர்ல ஜவுளி வியாபாரத்தப் பத்தி ரெண்டு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல ஒரு முதலாளி, "இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு நின்னு வேலை பாக்கத் தெம்பில்ல, ரெண்டு மாசத்துல ஓடிருதுங்க"ன்னு சொல்லியிருக்கார். உங்க நிருபர் மறுகேள்வி கேக்காம அப்படியே எழுதிட்டார். அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறல.

நான் மதுரையில ஒரு பெரிய கடையில சேலை செக்‌ஷன்ல இருக்கேன். காலையில ஒன்பதரைக்கு கவுண்டர்ல நின்னா ராத்திரி ஒன்பதரை, சீசன்ல பதினொண்ணு கூட ஆகும். கஸ்டமர் இல்லாத நேரத்துல ரேக்ல லேசா சாஞ்சா போதும், கேமராவுல பாத்துட்டு "மூணாவது கவுண்டர், நேரா நில்லுங்க"ன்னு மைக்ல குரல் வரும். மாடி பூரா கேக்கும். பாத்ரூம் அஞ்சாவது மாடியில, லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும், அதுக்குப் பயந்தே எங்க பிள்ளைங்க தண்ணி குடிக்கிறதில்ல. எனக்கு ரெண்டு கெண்டைக்கால்லயும் நரம்பு சுருட்டிக்கிச்சு, டாக்டர் நிக்காதீங்கம்மாங்கறார், நிக்காம எப்படி சார் சம்பளம் வாங்குறது?

1947ம் வருஷத்து கடைகள் நிறுவனங்கள் சட்டத்துல, வேலை பாக்குறவங்க உக்கார இருக்கை போட்டே ஆகணும்னு 22-ஏங்கற பிரிவ 2021 செப்டம்பர்ல நம்ம சட்டசபையில சேத்தாங்க. உங்களுக்குத் தெரியாததா, நீங்கதான முதல் பக்கத்துல போட்டீங்க. கேரளாவுல 2018லயே வந்துருச்சு, கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடையில வேலை பாத்த பொம்பளைங்க போராடி வாங்குன உரிமை அது. எங்க கடையிலயும் ஸ்டூல் வாங்கினாங்க. பிளாஸ்டிக் கவர் பிரிக்காம ட்ரயல் ரூமுக்குப் பின்னாடி அடுக்கி வெச்சிருக்காங்க. லேபர் ஆபீஸ்ல இருந்து ஆள் வர்ற அன்னைக்கு வெளிய வரும், அவர் போனதும் உள்ள போயிரும்.

எல்லா முதலாளியும் இப்படின்னு நான் சொல்லல, சொன்னா பாவம். இதுக்கு முன்னாடி நான் இருந்த சின்னக் கடையில பழைய வழக்கப்படி மெத்தை விரிச்சு, வர்றவங்களும் உக்காந்து நாங்களும் உக்காந்துதான் சேலை விரிச்சுக் காட்டுவோம், வியாபாரம் ஒண்ணும் குறையல. அங்க ஒரு தடவை கஸ்டமர் அம்மா ஒருத்தங்க சேலையக் காணோம், இந்தப் பொண்ணுதான் மறைச்சிட்டான்னு என்னைய கை காட்டினாங்க. மேனேஜர் அண்ணன் என் பக்கத்துல வந்து நின்னு, "எங்க பிள்ளை எடுக்காதும்மா, வாங்க தேடிப் பாப்போம்"னு அத்தனை பேர் முன்னாடி சொன்னார். சேலை அவங்க பைக்குள்ளயே இருந்துச்சு. அந்த அண்ணனுக்காக எத்தனை ராத்திரி வேணும்னாலும் ஸ்டாக் எடுக்கலாம்னு எங்களுக்குத் தோணும். இப்ப இருக்கிற எடத்துல அதே மாதிரி ஒரு பிள்ளை மேல பழி வந்தப்ப, மேனேஜர் கேமராவக் கூட பாக்காம அந்தச் சேலைக் காச சம்பளத்துல பிடிச்சிட்டார். மறுவாரம் அந்தப் பிள்ளை ஊருக்குப் போயிருச்சு. உங்க மலர்ல "ஓடிருதுங்க"ன்னு போட்டிருக்கீங்களே, அது இதுதான் சார்.

இன்னும் எவ்வளவோ இருக்கு. எட்டு மணி நேரந்தான் வேலைன்னு சட்டம், நாலு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம் ஓய்வு விடணும், எங்களுக்கு சாப்பாட்டுக்கே இருபது நிமிஷந்தான், அதுல கை கழுவ வரிசை. எங்க செல்போன லாக்கர்ல வாங்கி வெச்சிர்றாங்க, பையனுக்கு ஸ்கூல்ல ஜுரம்னு வந்த போன் எனக்கு சாயங்காலந்தான் தெரிஞ்சுச்சு. புகார் கமிட்டி போர்டுல இருக்கிற மேடம் வேலைய விட்டு எப்பவோ போயிட்டாங்க. 2023ல பன்னெண்டு மணி நேர வேலைக்கு சட்டம் கொண்டு வந்து எதிர்ப்புல வாபஸ் வாங்கினாங்களே, அப்ப நீங்க தலையங்கம் எழுதினீங்க, நாங்க கட் பண்ணி வெச்சோம். அது ஃபேக்டரிக்கு. எங்களுக்கு சட்டமே இல்லாம அந்தப் பன்னெண்டு மணி நேரந்தான் நடக்குது.

கடைங்க விளம்பரம் தர்றாங்க, உங்க கஷ்டமும் எனக்குப் புரியுது. நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. பொங்கல் மலர்லயாவது அந்த 22-ஏ பிரிவையும், மதுரையில தொழிலாளர் உதவி ஆய்வாளர் ஆபீஸ் எங்க இருக்குங்கறதயும் ஒரு சின்னக் கட்டத்துல போடுங்க. நிருபர் கடைக்கு வந்தா கவுண்டருக்குப் பின்னாடி ஒரு தடவை எட்டிப் பாக்கச் சொல்லுங்க. என் பேரப் போட வேண்டாம், கடைக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகி,
மதுரை.